ஞாயிற்றுக்கிழமைக்கு நம் கவிதையில் இடம் உண்டா?

கேள்வி – அஸ்தம்பட்டி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் எங்கள் பகுதியில் மாதந்தோறும் கூடும் சிறிய வாசகர் வட்டத்தில், அடுத்த கூட்டத்துக்கு 'ஞாயிற்றுக்கிழமை' என்ற பொருளில் கவிதைகளையும் பாடல்களையும் தொகுத்துப் பேசும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். சில வாரங்களாகத் தேடியதில் ஒரு கேள்வி மட்டும் தீராமல் நிற்கிறது.

'உலகம் உவப்ப வலன்ஏர்பு திரிதரு பலர்புகழ் ஞாயிறு' என்று திருமுருகாற்றுப்படை தொடங்குகிறது. 'ஞாயிறு போற்றுதும்' என்கிறார் இளங்கோவடிகள். பாரதியார் வசன கவிதையில் ஞாயிற்றை நேரே விளித்துப் பேசுகிறார். இவை அனைத்தும் வானத்துக் கதிரவனைப் பற்றியவை. கிழமையைப் பற்றியவை அல்ல. கிழமைகளை வரிசையாகச் சொல்லும் திரைப்பாடல் என்று தேடினால், 1965இல் வெளிவந்த 'காக்கும் கரங்கள்' படத்தின் 'ஞாயிறு என்பது கண்ணாக' என்ற பாடல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதிலும் கிழமைகள் ஒரு பெண்ணின் அழகைச் சொல்வதற்கு வந்த பெயர்களே தவிர, அந்த நாள் எப்படி இருக்கும் என்பதற்கு அங்கே இடமில்லை.

வெளியே பார்த்தால் நிலைமை வேறு. வாலஸ் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞர் ஞாயிறு காலையைப் பற்றி 1915இல் வெளியிட்ட கவிதை இன்றும் பாடமாக இருக்கிறது. இன்னோர் அமெரிக்கக் கவிஞரான ராபர்ட் ஹெய்டன் தன் தந்தையின் குளிர்கால ஞாயிறுகளை எழுதினார். ஹங்கேரியில் ரெஷோ ஷெரெஷ் 1933இல் இசையமைத்த துயர ஞாயிற்றுப் பாடலை 1941இல் அமெரிக்கப் பாடகி பில்லி ஹாலிடே ஆங்கிலத்தில் பாடி உலகமெங்கும் கொண்டுசேர்த்தார். கறிக்கடை வரிசையும், எண்ணெய்க் குளியலும், மதிய உறக்கமும், மாலையில் நெஞ்சில் வந்து உட்காரும் இனம்புரியாத கனமும் நம் வீடுகளில் இவ்வளவு அழுத்தமாக இருக்கும்போது, நம் கவிதையில் அந்த நாள் ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது? நான் தேட வேண்டிய இடத்தில் தேடவில்லையா?

பதில் – ஆத்தூர் தமிழாசிரியர்

நல்ல கேள்வி. நம் பழைய கவிதை, காலத்தை எந்த அளவுகோலால் அளந்தது என்பதிலிருந்து தொடங்கினால் விடை ஓரளவு தெளிவாகும் என்று நினைக்கிறேன். தொல்காப்பியர் காலத்தைப் பெரும்பொழுது என்றும் சிறுபொழுது என்றும் பிரிக்கிறார். முல்லைக்குக் கார்காலமும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிர் என்ற குளிர்காலமும் யாமம் என்ற நள்ளிரவும், மருதத்துக்கு வைகறையும் விடியலும், நெய்தலுக்கு எற்பாடு என்ற கதிரவன் சாயும் பொழுதும் என்று ஒவ்வோர் உணர்வும் பருவத்தோடோ நாளின் ஒரு பகுதியோடோ கட்டப்பட்டிருக்கிறது. வாரம் என்ற ஏழு நாள் சுற்று அந்த அமைப்பில் எங்குமே இல்லை. ஞாயிறு மாலையில் வந்து அமரும் கனம் என்று நீங்கள் சொல்வதைச் சங்கக் கவிதையில் தேடினால் முல்லைத் திணையின் மாலைப் பொழுதில்தான் கிடைக்கும். ஆடு மாடுகள் வீடு திரும்பிவிட்டன. போருக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. அவளுக்கு அந்த மாலை கழிய மறுக்கிறது. அந்த உணர்வுக்குக் கிழமை தேவைப்படவில்லை.

வாரத்தின் வரிசை நம் பாட்டில் அழகாக வந்தமர்ந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்படும்போது பாடிய கோளறு பதிகத்தில், 'ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன் வியாழம் வெள்ளி சனி பாம்பிரண்டும்' என்று ஒன்பது கோள்களையும் அடுக்குகிறார். அவர் கோள்களைத்தான் சொல்கிறார். ஆனால் அடுக்கும் வரிசை நம் வாரத்தின் வரிசை. அதாவது, அந்தச் சுற்று அன்றைய மக்கள் நாவில் பழகிவிட்டிருந்தது. ஆயினும் அங்கே ஞாயிறு ஏழில் ஒன்றுதான். அது ஓய்வு நாளன்று. நாள் நல்லதா கெட்டதா என்ற அச்சத்தைத்தான் பாட்டு தீர்த்துவைக்கிறது.

ஞாயிற்றைக் கிழமையாகவே கொண்டாடும் மரபைக் கோயிலில் தேடுங்கள். ஆடி ஞாயிறுகளில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறோம். ஆவணி ஞாயிறுகளில் நாகர்கோவில் நாகராஜா கோயிலில் கூட்டம் நெரிகிறது. விரிஞ்சிபுரத்தில் கார்த்திகை மாதத்தின் கடைசி ஞாயிறு 'கடை ஞாயிறு' என்றே பெயர் பெற்று, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு கோயிலில் படுத்து வேண்டிக்கொள்ளும் நாளாக இருக்கிறது. இவை வேண்டுதலும் நோன்பும் கூட்டமும் கொண்ட ஞாயிறுகள். வீட்டில் சும்மா இருக்கும் ஞாயிறு மிகவும் பிந்தி வந்தது. நம் ஊரின் செவ்வாய்ப்பேட்டையைப் பாருங்கள்; சந்தை கூடிய கிழமைதான் ஒரு பேட்டைக்கே பெயராகி நின்றிருக்கிறது. பழைய வாரத்தில் எந்த நாள் முக்கியமானது என்பதைச் சந்தையும் தெய்வமும்தான் முடிவுசெய்தன.

பதில் – சூரமங்கலம், ஓய்வுபெற்ற தொழிற்சங்க ஊழியர்

ஆசிரியர் ஐயா 'பிந்தி வந்தது' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்த நாள் தானாக வந்ததன்று.

கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வு நாளாக ஆணையிட்டபோதே, நகரத்தாருக்கும் கைவினைஞருக்கும் ஓய்வு, நிலத்தில் உழைப்பவர்களுக்கு விலக்கு என்று பிரித்துவிட்டார். விதைப்புக்கு ஏற்ற நாள் தவறிவிடக் கூடாது என்பது காரணம். இந்தியாவில் ஆங்கிலேய அலுவலகங்களுக்கு ஞாயிறு விடுமுறையாக இருந்த காலத்திலும், பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளிக்கு அந்த நாள் கிடைக்கவில்லை. நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் 1884 முதல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி வார விடுமுறை கேட்டு, 1890 ஜூன் மாதத்தில் ஆலை முதலாளிகளை அதற்கு இணங்க வைத்தார். மராட்டிய மக்கள் வழிபடும் கண்டோபா தெய்வத்துக்கு உகந்த நாள் ஞாயிறு. ஆகவே, வெள்ளைக்காரருக்குத் தேவாலய நாளாக இருந்ததை, தொழிலாளிகள் தங்கள் குலதெய்வத்தின் நாளாகக் கேட்டுப் பெற்றார்கள். அடுத்த ஆண்டே, 1891ஆம் ஆண்டின் சட்டம் வார விடுமுறையை ஆலைகளுக்குப் பொது விதியாக்கியது. விடுதலைக்குப் பிறகு வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 'வாரத்தின் முதல் நாளில்', அதாவது ஞாயிறன்று, தொழிலாளியை வேலை வாங்கக் கூடாது என்றது. மாற்று நாள் கொடுக்காமல் அந்த நாளில் வேலை வாங்க முடியாது என்றும் கட்டியது.

நம் ஊர் உருக்காலையில் உலை நிற்காது, ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். என்னோடு வேலை செய்த பலருக்கு 'ஞாயிறு' புதன்கிழமையில் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்ட வீட்டில் ஒருவன் தனியே விடுமுறையைக் கழிப்பதைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் அதைத்தான் முதலில் வாசிப்பேன். நூற்றிமுப்பது ஆண்டுச் சொத்து இந்த நாள். கவிதைக்குள் ஊறுவதற்கு அது போதாத காலம் என்று சொல்ல மாட்டேன். அதைப் போராடிப் பெற்றவர்கள் கையில் எழுதுகோல் இருக்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

பதில் – அம்மாப்பேட்டை, தறிக்காரர் வீட்டுப் பெண்

ஐயாமார்கள் இருவரும் சொன்னதை ஆர்வத்தோடு வாசித்தேன். ஞாயிற்றை ஓய்வு என்ற பொருளிலேயே எல்லாரும் பேசுவதால் இதை எழுதுகிறேன்.

கேட்டவர் ஹெய்டனின் கவிதையை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். 1962இல் வெளிவந்த அந்தச் சின்னக் கவிதையில், வாரமெல்லாம் உழைத்துக் கை வெடித்த தந்தை ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் எழுந்து, உறையும் குளிரில் தீ மூட்டி வீட்டைச் சூடாக்கிவிட்டுத்தான் பிள்ளைகளை எழுப்புகிறார். மகனின் நல்ல காலணிகளுக்கு மெருகும் போட்டு வைக்கிறார். அவருக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. வளர்ந்த மகன் அதை நினைத்துக் கலங்குகிறான். கவிதையின் உயிர் 'ஞாயிற்றுக்கிழமையும்' என்பதில் வரும் அந்த 'உம்'மில் இருக்கிறது.

எங்கள் தெருவில் தறி நிற்கும் நாள் அமாவாசை. கொத்தனார்களுக்கும் அதே வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே ஞாயிறன்றும் அப்பா தறியில்தான் இருப்பார். கெடு நெருங்கிய வேட்டி பாவில் (தறியில் நீளவாக்கில் பூட்டிய நூலில்) இருந்தால் பேச்சே கிடையாது. ஆனால் பள்ளிக்கூடமும் அலுவலகமும் ஞாயிற்றைப் பிடித்துக்கொண்டதால் விருந்தும் ஞாயிற்றில்தான் வரும். அம்மாவுக்கு அன்று மற்ற நாளைவிட வேலை கூடுதல். விடிவதற்குள் கறி வாங்க ஆள் அனுப்ப வேண்டும். நேரமானால் எலும்பும் சவ்வும்தான் மிஞ்சும். அம்மியில் மசாலா அரைத்து, இட்லிக்குக் குழம்பு, சோற்றுக்கு வறுவல் என்று இரண்டாகப் பிரித்து, எங்கள் தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டு அலசி, ஒரு வாரத்துச் சீருடையைத் துவைத்து முடிக்கும்போது வெயில் சாய்ந்திருக்கும். எல்லாரும் உண்ட பிறகு குழம்புச் சட்டியில் கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிசைந்து அவர் சாப்பிடுவார். அந்தச் சோற்றில் எங்களுக்கும் ஓர் உருண்டை உண்டு. அதைவிடச் சுவையான ஒன்றை நான் இன்றுவரை உண்டதில்லை.

2020 ஜூலையிலும் ஆகஸ்டிலும் தமிழ்நாட்டில் ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு இருந்ததே, அப்போது நம் தெருக்களைப் பார்த்தவர்கள் 'எவ்வளவு அமைதி' என்று வியந்தார்கள். கறிக்கடைக் கூட்டம் சனிக்கிழமைக்கு இடம் மாறியதே ஒழிய அடுப்பு ஓயவில்லை. தமிழில் ஞாயிற்றுக் கவிதை இல்லை என்று சொல்வதற்கு முன், அந்த நாளை உண்டாக்கிக் கொடுப்பவர்கள் எழுத உட்காரும் நேரம் எது என்று கேட்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அம்மா, ஹெய்டனை அவசரத்தில் கடந்துவிடாமல் நிறுத்தி வாசிக்கச் செய்ததற்கு நன்றி. அப்பா தறியில் இருக்கும் ஞாயிறுகளில் வீட்டில் பாட்டு ஏதும் இருந்ததா? ஏற்காட்டில் இருப்பவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், மலையில் இந்த நாள் எப்படிக் கழிகிறது என்றும் சொல்லுங்கள்.

பதில் – ஏற்காடு, தோட்ட மேற்பார்வையாளர்

ஸ்டீவன்ஸின் கவிதையை நான் கல்லூரியில் படித்தேன். தேவாலயத்துக்குப் போகாத ஒரு பெண், வெயில் விழும் நாற்காலியில் தாமதமாக அமர்ந்து, காப்பியும் ஆரஞ்சுப் பழமுமாகக் காலையைக் கழிக்கிறாள். பிறகு சாவையும் சொர்க்கத்தையும் பற்றிய எண்ணங்கள் அவளைச் சூழ்ந்துகொள்கின்றன. சேர்வராயன் மலையில் பிறந்த எனக்கு அந்தக் காப்பியும் ஆரஞ்சும் வேறு விதமாகப் பட்டன, ஏனென்றால் இரண்டும் இங்கே விளைகின்றன. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது இங்கே எல்லாரும் அறிந்தது. சில்வர் ஓக் மரநிழலில் காப்பியும், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடியும், இடையிடையே ஆரஞ்சும் நிற்கும்.

நவம்பரில் தொடங்கும் பறிப்புக் காலத்தில் பழம் சிவந்துவிட்டால் கிழமை பார்க்க முடியாது. விட்டால் உதிரும், அல்லது மரத்திலேயே காயும். பறித்ததை அன்றைக்கே பல்ப்பர் எந்திரத்தில் போட்டுத் தோலுரிக்காவிட்டால் புளித்துச் சுவை கெடும். விதைப்புக்காகக் கான்ஸ்டன்டைன் கொடுத்த விலக்கைச் சங்கத்து ஐயா எழுதியபோது, எனக்கு எங்கள் களம்தான் நினைவுக்கு வந்தது. கவிதையில் அந்தப் பெண்ணின் கோப்பைக்கு வந்த காப்பியையும் எங்கோ ஒரு சரிவில் யாரோ ஒரு ஞாயிறன்று பறித்திருக்கக்கூடும். கவிதையின் அழகு இதனால் எனக்குக் குறையவில்லை. தாமதமாக எழுந்து, யாருக்கும் கடன்படாமல் ஒரு காலையை அனுபவிக்கும் உரிமை பறிப்பவளுக்கும் வேண்டும் என்றே ஒவ்வொரு வாசிப்பிலும் தோன்றுகிறது.

பறிப்பு இல்லாத மாதங்களில் ஞாயிறு இங்கே இரண்டாகப் பிளந்திருக்கும். காலையில் தேவாலய மணி, நல்ல புடவைகள், ஆராதனை முடிந்து ஒருவரையொருவர் நலம் கேட்டு நிற்கும் நேரம். பத்து மணிக்குமேல், பழைய படப்பிடிப்பு நிலையமான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டி ஏறத் தொடங்கிய வண்டிகள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏரிக்கரையை நிறைத்துவிடும். சமவெளிக்காரர்களின் ஓய்வு, இங்கே படகுத்துறையிலும் பஜ்ஜிக் கடையிலும் விடுதிச் சமையலறையிலும் உள்ளவர்களுக்கு வாரத்தின் கடுமையான வேலை நாள். அவர்கள் திங்கள்கிழமைதான் துணி துவைப்பார்கள், உறவினர் வீட்டுக்குப் போவார்கள்.

பதில் – அம்மாப்பேட்டை, தறிக்காரர் வீட்டுப் பெண்

பாட்டு இருந்ததா என்று கேட்டிருந்தீர்கள். குழித்தறியில் குறுக்கு இழையைக் கொண்டோடும் நாடாவின் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி வானொலியை உரக்க வைத்திருப்போம். பாவில் அறுந்த இழையை முடிச்சுப் போடும்போது மட்டும் தறி நிற்கும். அந்த இடைவெளியில் எந்த வரி வந்ததோ அந்த வரிதான் முழுதாகக் காதில் விழும். இப்படி அரைகுறையாகக் கேட்டுக் கேட்டே பல பாடல்கள் எனக்கு மனப்பாடமாயின. சிலவற்றின் நடு வரிகள் மட்டும் தெரியும், தொடக்கம் தெரியாது. உங்கள் கூட்டத்துக்குப் பயன்படுமானால் அந்த வரிகளை எழுதி அனுப்புகிறேன். அம்மாவிடமும் கேட்டு எழுதுகிறேன், அமாவாசையன்று அவருக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.