பாஸ்போர்ட் முதலாளி கைல இருக்கு, ஊருக்கு எப்படி போறது?

அண்ணன்மாரே, மலேசியாவுல கிள்ளான்ல ஒரு சாப்பாட்டுக் கடைல 14 மாசமா வேலை பாக்குறேன், வேலை பெர்மிட் அடுத்த ஏப்ரல் வரைக்கும் இருக்கு. வந்த அன்னைக்கே பெர்மிட் ஒட்டணும்னு பாஸ்போர்ட்ட வாங்குன முதலாளி இன்னும் தரல. கல்லாவுக்கு கீழ ட்ராயர்ல எங்க 11 பேரோடதும் ரப்பர் பேண்ட் போட்டு கெடக்கு, நானே பாத்தேன். என்கிட்ட ஒரு ஜெராக்ஸ்தான், அதுவும் இந்த புழுக்கத்துல பாக்கெட்லயே நைஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு.

அடுத்த மாசம் 12ம் தேதி தங்கச்சி கல்யாணம், திருச்சிக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. மூணு தடவ கேட்டேன், பத்திரிகைய வாட்ஸ்அப்ல அனுப்புனேன், "உனக்கு கவர்மெண்டுக்கு லெவி வரி கட்டுனது நான், பதிலுக்கு ஆள் குடுத்துட்டு போ"ங்கறாரு. 1966 பாஸ்போர்ட் சட்டப்படி அடுத்தவங்க பாஸ்போர்ட்ட வச்சிருக்கறது குத்தம்னு தெரியும், ஆனா லேபர் ஆபீஸ் போனா மறுநாளே ரூம காலி பண்ணச் சொல்லுவாரேன்னு பயம். தொலைஞ்சுபோச்சுன்னு போலீஸ்ல எழுதிக்குடு, இந்தியத் தூதரகத்துல, பாஸ்போர்ட்டுக்கு பதிலா ஊருக்கு போக மட்டும் குடுக்கற எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கிக்கலாம்னு கூட இருக்கற பையன் சொல்றான், பொய் ரிப்போர்ட் குடுக்க எனக்கு மனசில்ல, அந்த சர்டிபிகேட்ல போனா அத வச்சு திரும்பி வரவும் முடியாது.

இதே மாதிரி மாட்டுனவங்க யாராவது, பெர்மிட் கேன்சல் ஆகாம பாஸ்போர்ட்ட திரும்ப வாங்க முதல்ல எங்க போனீங்க?