அம்மாவின் பல் கேப்பை இப்போதே மாற்ற வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு 2011ஆம் ஆண்டு ரூட் கெனால் செய்து, உள்ளே உலோகமும் மேலே பீங்கானும் கொண்ட கேப் போட்டோம். இத்தனை ஆண்டுகளும் அது ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை.

இரண்டு மாதங்களாக அந்த இடுக்கில் கீரை நாரும் தேங்காய்த் துருவலும் சிக்கிக்கொள்கின்றன. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை விட்டு இழுத்தால், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மாட்டிப் பிரிந்துவிடுகிறது. வெளியே வரும் நூலில் கெட்ட வாடையும் அடிக்கிறது. ஈறு சற்று இறங்கியதால் கேப்பின் ஓரத்தில் கறுப்புக் கோடு ஒன்றும் தெரிகிறது. அது உள்ளிருக்கும் உலோகத்தின் விளிம்புதான் என்பதால், அதற்காக மட்டும் கேப்பை மாற்றத் தேவையில்லை என்பதை அறிவேன். வாடையும் நூல் பிரிவதும்தான் என்னைக் கவலைப்படுத்துகின்றன. ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பு இல்லாததால், கேப்புக்கு அடியில் சொத்தை பரவினாலும் அம்மாவுக்கு வலி தெரியாமலே போகலாம் அல்லவா?

நாங்கள் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் உடனே கழற்றி மாற்றச் சொல்கிறார். மற்றொருவர், எக்ஸ்ரேயில் குறை எதுவும் தென்படவில்லை, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார். ஆனால் எக்ஸ்ரே உலோகத்தை ஊடுருவிக் காட்டாது என்பதால், அந்தப் பதிலில் என் மனம் முழுமையாக அமைதி அடையவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால், ஈறில் தொற்று ஏற்பட்டுவிடுமோ என்ற அச்சமும் கூடவே இருக்கிறது.

இதே நிலையில் பழைய கேப்பைக் கழற்றியவர்கள், உள்ளே பல் எப்படி இருந்தது, புதிய கேப்பைத் தாங்கும் அளவுக்கு மிச்சம் இருந்ததா என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். குழுவில் பல் மருத்துவர்கள் இருந்தால், கேப்பின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்பதைக் கழற்றாமலே உறுதிசெய்ய வழி உண்டா என்பதையும் சொல்லுங்கள்.