ரீஃப் டேங்க்ல ஓசோன்: எச்டிபி வீட்ல யாராச்சும் ஓட்டுறீங்களா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சிங்கப்பூர் பொங்கோல்ல எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடு, ஹால்ல மூணடி ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளக்குற கடல்தண்ணித் தொட்டி. முன்னாடி நின்னு பாத்தா தண்ணி பளிச்சுன்னு இருக்கு, சைடுல நீளவாக்குல பாத்தா டீத்தண்ணி மாதிரி லேசா மஞ்சள், ஃபில்டர் கார்பன் மாத்தினா தெளியுது, திரும்ப வந்துடுது. அதான் ஸ்கிம்மர் (அழுக்கை நுரையா எடுக்கற மெஷின்) வழியா ஓசோன் விடலாம்னு யோசனை, ஓஆர்பி (தண்ணியோட ஆக்சிஜனேற்றத் திறன், மில்லிவோல்ட்ல) இப்ப 260 கிட்ட காட்டுது, 350 தாண்டாம கன்ட்ரோலர் கட் பண்ணிடும்.

பிரச்சனை நம்மூரு ஈரக்காத்துதான். ஏர் டிரையர் இல்லாம ஓட்டினா ஓசோனும் கம்மியாகும், ஓசோன் மெஷின் உள்ள நைட்ரிக் ஆசிட் வேற உண்டாகும். அந்த டிரையர்ல இருக்குற ஈரம் உறிஞ்சுற மணி இங்க எத்தன நாள் தாங்குது? ஓவன்ல காயவச்சு திரும்பப் போடறீங்களா?

ஸ்கிம்மர் மூடியிலயும் தண்ணி வெளிய வர்ற எடத்துலயும் கார்பன் வைக்கணும்னு தெரியும், ஓசோன் கடல்தண்ணி புரோமைடோட சேந்து உண்டாகறது பவளத்துக்கு ஆகாது. ஆனா ஹால்லதான் அம்மா படுக்குறாங்க, ஆஸ்துமா வேற, கொஞ்சம் லீக் ஆனாலும் வம்பு. வாடை வராம எப்படி வச்சிருக்கீங்க? சாதா ஏர் டியூப் தாங்குமா? செராங்கூன் நார்த் கடைங்கள்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க, ஒருத்தர் யூவி லைட்டே போதும்ங்கறாரு, யூவி மஞ்சளை எடுக்கவா போகுது! செட்டப் போட்டோ இருந்தா போடுங்க ப்ளீஸ்.