அம்மாவின் வீட்டுப் பராமரிப்புச் செலவு: ரிவர்ஸ் மார்ட்கேஜ் எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

அம்மாவுக்கு வயது 74. பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. நினைவும் பேச்சும் தெளிவு. ஆனால் வலது கை, கால் இன்னும் வரவில்லை. இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகிவிட்டார். பொத்தான் போட முடியவில்லை. குளிக்க, கழிவறை போக, கட்டிலிலிருந்து எழ ஆள் வேண்டும்.

பகலில் பராமரிப்பாளர் ஒருவர் வருகிறார். அம்மாவை அலுங்காமல் தூக்கி உட்காரவைக்கும் பக்குவம் அவருக்குத்தான் இருக்கிறது, அவரை நிறுத்த மனமில்லை. ஓய்வூதியம் மொத்தமும் அவர் சம்பளத்துக்கே போகிறது. மீதியை நான் போடுகிறேன், சேமிப்பு கரைகிறது.

மருத்துவக் காப்பீட்டில் கேட்டோம். ஊசி, புண்ணுக்குக் கட்டு போன்ற செவிலியர் வேலைக்குத்தான் பணமாம், குளிப்பாட்டுவதற்கு இல்லையாம். நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நோய் வருவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். ஆயுள் காப்பீட்டைச் சரண்டர் செய்தால் வருவது சொற்பம்.

மிச்சம் இருப்பது வீடு. அம்மா பெயரில்தான் இருக்கிறது, கடன் இல்லை. ரிவர்ஸ் மார்ட்கேஜ், அதாவது வீட்டை வங்கியில் அடமானம் வைத்து வாங்கும் முதியோர் கடன், எடுத்தால் அவர் அங்கேயே இருக்கலாம், பணமும் வரும், கடனைப் பிற்பாடு வீட்டை விற்று அடைக்கலாம் என்கிறார்கள். சரி, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே போகுமே. நடுவில் அவரைப் பராமரிப்பு இல்லத்துக்கு நிரந்தரமாக மாற்ற நேர்ந்தால் கடனைத் திருப்பிக் கேட்பார்களே.

இதே செலவுக்காக எடுத்தவர்கள் சொல்லுங்கள்: மாதாமாதம் வாங்குவது நல்லதா, தேவைப்படும்போது மட்டும் எடுப்பது நல்லதா?