யுகிஹிரா பாத்திரம்: அலுமினியமா எவர்சில்வரா, 18 செ.மீ. போதுமா?

தோசாய் ரயில் எழுதியது:

டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் புதிதாகக் குடியேறியிருக்கிறோம். நாங்கள் இரண்டு பேர்தான், வீட்டில் இரண்டு பர்னர் காஸ் அடுப்பு. காலையில் மிசோ என்ற சோயா விழுதில் சூப், கீரை வேகவைப்பது, சாயங்காலம் தேநீர், எப்போதாவது நூடுல்ஸ். இதற்கெல்லாம் இங்கே வீட்டுக்கு வீடு தொங்கும் யுகிஹிரா பாத்திரம் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். உடம்பெல்லாம் சுத்தியல் பள்ளம், மரப்பிடி, இரு பக்கமும் மூக்கு என்று இருக்குமே, அதுதான். கடையில் போய் நின்றால் தலை சுற்றுகிறது. ஆயிரத்துச் சொச்சம் யென்னுக்கும் இருக்கிறது, பத்தாயிரத்தைத் தாண்டியும் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. அலுமினியம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அம்மா தொலைபேசியில் தடை உத்தரவு போட்டுவிட்டார். எந்த அளவு வாங்குவது? ரசமும் அதிலேயே வைக்கலாமா? நான் இடதுகைப் பழக்கக்காரி, அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

பாத்திரக்காரன் எழுதியது:

யோசிக்கவே வேண்டாம், எவர்சில்வர் வாங்குங்கள். புளியோ தக்காளியோ எதுவும் செய்யாது, அழுத்தித் தேய்க்கலாம், நாளைக்கே இண்டக்‌ஷன் அடுப்புள்ள வீட்டுக்கு மாறினாலும் கூடவே வரும். நீகாதா மாநிலத்தில் சுபமே, சான்ஜோ ஊர்களில் செய்யும் எவர்சில்வர் யுகிஹிராக்கள் நன்றாக இருக்கின்றன. அம்மாவும் சமாதானமாகிவிடுவார்.

தென்மா அக்கா எழுதியது:

தம்பி சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் வெறும் அலுமினியம் சூடே ஆகாது, பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கேட்டவரிடம் காஸ் அடுப்பு இருக்கிறது. அப்படியிருக்க எவர்சில்வர் யுகிஹிரா எதற்கு? அது நல்ல பாத்திரம்தான், ஆனால் யுகிஹிராவின் குணம் அதில் இல்லை. ஒசாகாவில் மதியச் சாப்பாடு போடும் ஒரு சிறிய கடையின் அடுப்படியில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க இந்தப் பாத்திரத்தை ஒரு கையால் தூக்கிச் சாய்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரே கனத் தகட்டில் அலுமினியம் எவர்சில்வரின் மூன்றில் ஒரு பங்கு எடைதான் வரும். வெப்பத்தைக் கடத்துவதிலோ பத்து மடங்குக்கும் மேல். தீயைக் குறைத்த மறுகணம் கொதி அடங்கும். குழம்பை மணிக்கணக்கில் சுண்டவைக்க இது வேண்டாம். தண்ணீர், சாறு, சட்டென்று ஒரு கொதி, உடனே ஊற்று என்ற வேலைக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

அதன் அருமை தாஷி என்ற ஜப்பானியச் சாறு எடுக்கும்போது தெரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கோம்பு கடற்பாசியை அரை மணி நேரம் ஊறவிட்டுச் சிறு தீயில் ஏற்றுங்கள். முதலில் ஓரத்தில் ஊசிமுனைக் குமிழ்கள் ஒட்டும், பிறகு கோம்பு மெல்ல விரிந்து மிதந்து ஆடும். தண்ணீர் கொதிக்கும் முன்பே அதை எடுத்துவிட வேண்டும். விட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். பிறகு ஒரு கொதி, அடுப்பை அணைத்து ஒரு கைப்பிடி கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீன் சீவல், அது அமிழ்ந்ததும் வடிகட்டல். பாத்திரத்தின் உட்புறம் வெள்ளி நிறமாக இருப்பதால் சாறு வைக்கோல் நிறத்துக்கு வருவது கண்ணுக்கு நேரே தெரியும். மீன் சேர்க்காதவர்கள் கோம்புவோடு காய்ந்த ஷீட்டாக்கே காளானை ஊறவைத்துக்கொள்ளலாம்.

அளவு: இரண்டு பேருக்கு 18 செ.மீ. விளிம்புவரை ஊற்றினால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் பிடிக்கும்; மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். 15 செ.மீ. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உங்கள் அடுப்பில் ஒரு வம்பு உண்டு. 2008க்குப் பிறகு இங்கே விற்கும் வீட்டு காஸ் அடுப்புகளில் பர்னர் நடுவே ஒரு சென்சார் குமிழ் ஸ்பிரிங்கில் நிற்கும். எண்ணெய் தீப்பிடிக்காமல் இருக்க வைத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் லேசான பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் இருந்தால் அந்தக் குமிழ் மேலே தள்ளும், மரப்பிடியின் எடை ஒரு பக்கம் இழுக்கும், பாத்திரம் சாய்ந்துவிடும். ஒரு குவளை தேநீருக்காக 15 வாங்குகிறவர்கள் இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

விலை வித்தியாசம் தகட்டிலும் தட்டலிலும் இருக்கிறது. மலிவானவற்றில் தகடு மெல்லியது, பள்ளங்களும் அச்சில் அழுத்தியவை. விலை கூடியவற்றில் 3 மி.மீ. வரை கனம் இருக்கும், கையால் தட்டியிருப்பார்கள். தட்டத் தட்ட உலோகம் இறுகும். அதனால்தான் லேசாக இருந்தும் நெளியாமல் நிற்கிறது. வீட்டுக்கு 2 மி.மீ. போதும். பத்தாயிரம் யென்னை அப்புறம் செலவழியுங்கள், இப்போது வேண்டாம்.

அம்மாவுக்கு: உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2011இல் வைத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம் அலுமினியம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 மில்லிகிராம். தண்ணீர் கொதிக்கவைப்பதால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க முடியாது. புளிப்பும் உப்பும் சேர்ந்ததைச் சமைத்து இரவெல்லாம் அதிலேயே மூடி வைப்பதுதான் வம்பு. ஆகவே ரசம் எவர்சில்வரிலேயே இருக்கட்டும். மிசோ சூப்பையும் மிச்சம் வைத்தால் வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இடதுகை என்றால் கவலையே வேண்டாம், மூக்கு இரண்டு பக்கமும் இருப்பது அதற்கும் சேர்த்துத்தான். ஒற்றை மூக்கு உள்ளதை யாராவது தள்ளுபடியில் நீட்டினால் வாங்காதீர்கள்.

தோசாய் ரயில் எழுதியது:

அக்கா, நன்றி. சென்சார் விஷயம் கடைக்காரர்கூடச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு சந்தேகங்கள். மூடி எங்கேயுமே கூட வரவில்லை, தனியாக வாங்க வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பாட்டியின் பாத்திரம் உள்ளே கறுத்துப் போயிருக்கிறது. அது அழுக்கா, கெட்டுவிட்டதா?

தென்மா அக்கா எழுதியது:

மூக்கு இருப்பதால் சாதாரண மூடி போட்டாலும் இடைவெளி விழும், அதனால் மூடி வராது. அதற்குப் பதில் ஒடோஷிபுதா என்ற மரப்பலகை. பாத்திரத்தைவிட இரண்டு, மூன்று செ.மீ. குறுகலாக, நேரே காயின் மேல் உட்காரும். கபோச்சா பூசணியைத் தோல் அடியில் இருக்கும்படி அடுக்கி, முக்கால் முழுகத் தண்ணீர், சர்க்கரை, சோயா சாஸ் விட்டு இதை மேலே வைத்தால், கொதி பலகையில் முட்டித் திரும்பிச் சாறு மேல் துண்டுக்கும் ஏறும். காயும் புரளாது, உடையாது. பலகையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மரம் சோயாவை உறிஞ்சி வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கறுப்பு என்பது தண்ணீரிலுள்ள தாதுக்கள் அலுமினியத்தோடு சேர்ந்து விழும் படலம். உடம்புக்குக் கெடுதல் இல்லை. பார்க்கப் பிடிக்காவிட்டால் எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கொதிக்கவைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். புதிதாக வாங்கியதும் அரிசி கழுவிய தண்ணீரை ஒருமுறை அதில் காய்ச்சி ஊற்றிவிடுங்கள், கறுப்பது தள்ளிப்போகும். சமையல் சோடாவும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் ஆகவே ஆகாது. சோடா போன்ற காரப்பொருள் பட்டால் அலுமினியம் இன்னும் வேகமாகக் கறுக்கும்.

கொட்டாங்கச்சி எழுதியது:

பாத்திரக் கடைகள் வரிசையாக இருக்கும் கப்பாபாஷித் தெரு நிஷி-கசாயிலிருந்து பக்கம்தான். தோசாய் ரயிலில் நிஹோன்பாஷி இறங்கி, கின்சா ரயில் பிடித்துத் தவராமாச்சி. தெருமுனைக் கட்டடத்தின் மேல் பெரிய சமையற்காரர் தலை நிற்கும், வழி தவறாது. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே போய்விடுங்கள்.

தென்மா அக்கா எழுதியது:

அங்கே போனால் பிடியைக் கையில் பிடித்து உலுக்கிப் பாருங்கள். மரத்தை உலோகக் குழாய்க்குள் செருகி ஒற்றைத் திருகாணியில் நிறுத்தியிருப்பார்கள். மரம் காய்ந்து சுருங்கினால் ஆடத் தொடங்கும். திருகாணியை இறுக்கினால் சரியாகிவிடும். பாத்திரத்தைத் தொட்டியில் ஊறப்போடாதீர்கள், குழாய்க்குள் தண்ணீர் தங்கி மரம் உளுத்துவிடும். தீ அடிப்பாகத்தைத் தாண்டி வெளியே வரக் கூடாது, வந்தால் பிடிதான் முதலில் கருகும். அப்படிக் கருகினாலும் பாத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மரப்பிடி மட்டும் தனியாக அதே தெருவில் விற்கிறார்கள். 18 செ.மீ. பாத்திரத்துக்கான பிடி என்று கேட்டு வாங்குங்கள், பெரிய அளவுகளுக்குப் பிடியும் தடிமனாக இருக்கும்.