வட்டுக் காற்றா, வட்டு வளியா?

வணக்கம்.

வானியலில் ‘disk wind’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: வட்டு வளி, வட்டு வெளிப்பாய்வு, வட்டுக் காற்று. நானும் முதலில் ‘வளி’ பக்கம்தான் இருந்தேன். சின்னச் சொல், பழைய சொல். ஆனால் நியூட்ரான் விண்மீன்களை (பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கருக்களை) பற்றி ஒரு பத்தி எழுதிப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது.

அருகில் சுற்றும் துணை விண்மீனிலிருந்து இழுக்கப்படும் வளிமம் (வாயு) நேராக நியூட்ரான் விண்மீன்மேல் போய் விழுவதில்லை. சுற்றிச் சுற்றி வந்து வட்டாகப் படிகிறது. நடுவிலிருந்து பாயும் எக்ஸ் கதிர்கள் வட்டின் மேற்பரப்பைச் சுடவைக்கின்றன. வெப்பநிலை ஒரு கோடி கெல்வின் அளவுக்கு ஏறினால், வட்டின் வெளிப்பகுதியில் ஈர்ப்பால் அந்த வளிமத்தைப் பிடித்து வைக்க முடியாது, கிளம்பிவிடும். (காந்தப்புலமும் தள்ளுகிறதா என்ற கேள்வி தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது.) வட்டிலிருந்து இப்படிக் கிளம்பும் வளிம ஓட்டத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

உள்ளே, ஈர்ப்பு வலுவாக இருக்கும் இடத்தில், அதே சூட்டில் வளிமம் மேலே உப்பி நிற்கும், ஆனால் தப்பாது. அது வட்டின் வளிமண்டலம். இரண்டிலும் ஒரே இரும்பு வரிகள்தான் (நிறமாலையில் இரும்பு விட்டுச்செல்லும் கோடுகள்) தெரியும். ஒரே ஒரு எலக்ட்ரான் மிஞ்சிய இரும்பின் வரி 6.97 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட் என்பது ஆற்றலின் அலகு) என்ற இடத்தில் விழும். வளிமம் நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வந்தால், அந்த வரி ஏறத்தாழ 9 எலக்ட்ரான் வோல்ட் மேலே நகரும். அந்தச் சிறு நகர்வை வைத்துத்தான் இது காற்றா, வளிமண்டலமா என்று முடிவு செய்கிறார்கள். 2023இல் ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் செயற்கைக்கோளின் ரிசால்வ் கருவி சுமார் 5 எலக்ட்ரான் வோல்ட் வரை பிரித்துப் பார்க்கும். ஆகவே இந்த வேறுபாடு இனி அடிக்கடி எழுதப்படப் போகிறது. நியூட்ரான் விண்மீன் உள்ள இரட்டைகளில், ஜிஎக்ஸ் 13+1இல் நகர்வு உண்டு. எம்எக்ஸ்பி 1659-298இல் வரிகள் உண்டு, சொல்லும்படியான நகர்வு இல்லை.

இப்போது இந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள்: “இவ்வரிகள் வட்டு வளியில் அல்ல, வட்டு வளிமண்டலத்தில் உருவானவை.” மாணவர் தடுக்கி விழும் இடம் இது. துறையின் முக்கியமான கேள்வியே இந்த இரண்டையும் பிரிப்பதுதான். நம் சொற்களோ அவற்றை ஒட்டவைக்கின்றன. ‘வட்டுக் காற்றில் அல்ல, வட்டு வளிமண்டலத்தில்’ என்றால் குழப்பமே இல்லை.

‘வெளிப்பாய்வு’ நல்ல சொல், ஆனால் அகலமானது. துருவ அச்சில் பீறிடும் தாரையும் வெளிப்பாய்வுதான். அதைப் பொதுப்பெயராக வைத்துக்கொண்டு, தாரை, காற்று இரண்டையும் அதன் வகைகளாகக் கொள்ளலாம்.

‘வட்டுக் காற்று’ என்றால் வட்டுக்குள் வீசும் காற்று என்று ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஆகாது என்றே நினைக்கிறேன். தமிழ் காற்றுக்குப் பெயர் வைப்பது அது புறப்படும் இடத்தை வைத்து. தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை. கடற்காற்று கடலிலிருந்து வருவது. சூரியக் காற்றும் அப்படித்தான் நிலைத்தது. வட்டிலிருந்து வருவது வட்டுக் காற்று.

இரண்டு சிறு வேண்டுகோள்கள். வட்டு வன்தொடர்க் குற்றியலுகரம். அதன்பின் வல்லினம் மிகும் என்பதால், ‘வட்டு காற்று’ என்று ‘க்’ என்ற ஒற்றெழுத்தை விட்டு எழுத வேண்டாம். கோள்கள் பிறக்கும் வட்டுகளிலிருந்தும் காற்று எழுவதால், கட்டுரையில் முதல் முறை வரும்போது ‘அகந்திரள் வட்டுக் காற்று’ (வளிமம் உள்நோக்கித் திரளும் வட்டு அகந்திரள் வட்டு) என்று முழுதாக எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

காற்று என்று வைத்தால் வினைச்சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. காற்று கிளம்புகிறது, வீசுகிறது, ஓய்கிறது. வட்டில் எந்தத் தொலைவிலிருந்து எழுகிறது என்பதைக் குறிக்க நான் ‘கிளம்பு ஆரம்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘தோற்ற ஆரம்’ என்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.