தங்கச்சிக்கு டானிங் சலூனில் வேலை, பயப்பட வேண்டுமா?

கேள்வி (கிளிநொச்சி):
டொரண்டோவில் தங்கச்சி டானிங் சலூனில், அதாவது தோலைக் கறுக்க வைக்கும் கடையில், சேரப் போகிறாள். பரந்தன் வயலில் களை பிடுங்கிக் கறுத்த அம்மா, "காசு கொடுத்தா கறுக்கிறார்கள்?" என்று கேட்கிறா. அங்கே ஆட்களைப் படுக்க வைக்கும் புற ஊதாக் கதிர் விளக்குக் கட்டில் ஆபத்தா?

பதில் (முல்லைத்தீவு):
ஓம் தம்பி, ஆபத்துத்தான். லண்டனில் 4 வருடம் அதே வேலை செய்தேன். 2009இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அந்தக் கட்டிலைப் புகையிலை இருக்கும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்தது. டொரண்டோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை விடக்கூடாது; முகத்தை நம்பாமல் அடையாள அட்டை கேட்கட்டும். டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் மருந்து குடிப்பவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், கதிர் பட்டால் அவர்களின் தோல் எளிதில் வெந்துவிடும். கண் கவசம் இல்லாமல் ஒருவரும் படுக்கக்கூடாது.

கேள்வி (கிளிநொச்சி):
கட்டில் இல்லாமல் தோலில் நிறத்தை ஸ்பிரே அடிப்பது என்றால் அக்கா?

பதில் (முல்லைத்தீவு):
அதில் கதிர் இல்லை. தோலின் மேல்படையில்தான் நிறம் பிடிக்கும், ஒரு கிழமையளவில் மங்கிவிடும். அந்த வேலையைப் பழகச் சொல்லுங்கள்.